ஒன்ராறியோ வீட்டுப் பரிசோதகர்களுக்கு: திருத்தச் செலவையும் எழுதித் தாருங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுப் பரிசோதனைத் தொழில் செய்கிறவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும்,

வணக்கம்.

வீடு வாங்குமுன் அதன் குறைகளைப் பார்த்து, வாங்குபவருக்கு நீங்கள் கொடுக்கும் அறிக்கையில், பெரிய குறை ஒவ்வொன்றையும் திருத்த ஏறத்தாழ எவ்வளவு வரும் என்பதையும் எழுத வேண்டும். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று எழுதினாலே போதும். இதைக் கேட்கத்தான் இந்த மடல். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ப்டனிலும் எங்கள் ஆட்கள் வீடு வாங்கும்போது கூடப் போய் நின்ற அனுபவத்தில் எழுதுகிறேன். உங்களில் தமிழர்களும் இருக்கிறீர்கள், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இரண்டு மூன்று மணித்தியாலம் கூரையிலிருந்து பேஸ்மென்ட் (நிலக்கீழ்த் தளம்) வரை ஏறி இறங்கி, படங்களோடு நாற்பது ஐம்பது பக்க அறிக்கை தருகிறீர்கள். அதை வாசித்து முடித்ததும் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கெல்லாம் எவ்வளவு முடியும்?" என்பதுதான். அதற்கு மட்டும் அறிக்கையில் பதில் இருக்காது. ஒவ்வொரு குறைக்குக் கீழும் "தகுதி பெற்ற ஒப்பந்தக்காரரிடம் காட்டவும்" என்று ஒரு வரி இருக்கும். வட அமெரிக்காவின் பெரிய பரிசோதகர் சங்கங்களின் தர விதிகள் திருத்தச் செலவைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை என்கின்றன. அது எனக்கும் தெரியும். அந்த விதிகளைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

வாங்குபவரின் நிலையைப் பாருங்கள். பரிசோதனையில் திருப்தி இல்லாவிட்டால் விலகலாம் என்று நிபந்தனை போட்டு வாங்கினால் பொதுவாக ஐந்து வேலைநாள் கிடைக்கும். 2021, 2022 தொடக்கத்தில் சந்தை கொதித்தபோது அதுகூட இல்லை, நிபந்தனையே போடாமல் வாங்கினார்கள். ஐந்து நாளில் முதல் இரண்டு நாள் உங்களைப் பிடித்து அறிக்கை எடுப்பதிலேயே போய்விடும். மிச்ச நாட்களில் கூரைக்காரர், மின்வேலைக்காரர், அத்திவாரம் பார்ப்பவர் எல்லோரையும் கூப்பிட வேண்டும். இன்னும் கைக்கு வராத வீட்டுக்கு விலை சொல்ல எத்தனை பேர் வருவார்கள்? விற்பவரும் ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

சரி, அந்த நேரத்தில் விலை சொல்வது யார்? வீட்டு முகவர். "அது பெரிய வேலை இல்லை அக்கா, மூவாயிரத்துக்குள்ள முடிக்கலாம்." எல்லா முகவர்களும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீடு கைமாறினால்தான் அவருக்குக் கொமிஷன். கூரையில் ஏறாத, மின்பெட்டியைத் திறக்காத அவர் சொல்லும் தொகையை வைத்து ஒரு குடும்பம் முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போடுகிறது. ஏறியும் திறந்தும் பார்த்த நீங்கள் பேசாமல் இருக்கிறீர்கள்.

தொகை இல்லாத குறை வாங்குபவருக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 1960களின் நடுவிலிருந்து 1970களின் கடைசி வரை கட்டிய வீடுகள் பலவற்றில் அலுமினிய மின்கம்பி ஓடுகிறது. "அலுமினிய வயரிங் உள்ளது, மின்வேலைக்காரரிடம் காட்டவும்" என்று எழுதுகிறீர்கள். அதைப் பார்த்து ஒருவர் பயந்து நல்ல வீட்டை விட்டு ஓடுகிறார். இன்னொருவர் ஒன்றும் இல்லை என்று வாங்கிவிட்டு, வயரிங் பாதுகாப்பானது என்று காப்புறுதி நிறுவனம் சான்று கேட்டதும் தலையில் கை வைக்கிறார். சிக்கல் பெரும்பாலும் கம்பியில் இல்லை, இணைப்புகளில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இணைப்பு ஒவ்வொன்றிலும் செப்புத் துண்டு சேர்த்து, அதற்கென்றே உள்ள இணைப்பான் போட்டுச் சரிசெய்தால் சில ஆயிரம் டொலர். சுவரை உடைத்து வீடு முழுக்கக் கம்பி மாற்றினால் பல்லாயிரம். இந்த வீட்டுக்கு எந்த வேலை பொருந்தும் என்பதை உங்களால் ஓரளவுக்காவது சொல்ல முடியும்.

அத்திவார வெடிப்பும் அப்படித்தான். கொங்கிரீட் காயும்போது விழுந்த மயிர்க்கோட்டு வெடிப்புக்குள் பிசினைச் செலுத்தி அடைப்பது சிறிய செலவு. புளொக் சுவரில் கிடையாக ஓடி உள்ளே தள்ளும் வெடிப்பு என்றால் வெளியே மண்ணைத் தோண்ட வேண்டும். அறிக்கையில் இரண்டும் ஒரே மாதிரி ஒரு வரியாகத்தான் வருகின்றன.

எங்கள் சமூகத்தைப் பொறுத்தவரை மிகப் பெரிய விஷயம் பேஸ்மென்ட். அதன் வாடகையை நம்பித்தான் மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கணக்கே போடுகிறார்கள். கீழே படுக்கையறை இருந்தால் தீ நேரத்தில் தப்ப, ஒன்ராறியோ கட்டட விதிப்படி பொதுவாக 0.35 சதுர மீட்டராவது திறக்கும் ஜன்னல் வேண்டும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மாடி இல்லாத பழைய வீடுகளின் பேஸ்மென்ட் ஜன்னல்களில் பல இதற்குக் கிட்டவும் வராது. சுவரை வெட்டி ஜன்னலைப் பெரிதாக்கவும், தீ தாங்கும் உட்கூரை போடவும், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம் வைக்கவும், நகரசபையில் அனுமதி எடுக்கவும் எவ்வளவு வரும் என்று தெரியாமல் "பேஸ்மென்ட் ஆயிரத்தைந்நூறுக்குப் போகும்" என்று கணக்குப் போடுகிறார்கள். முற்பணம், ரொறன்ரோவுக்குள் என்றால் இரட்டை நில மாற்ற வரி, சட்டத்தரணி செலவு எல்லாம் கட்டி முடித்தவர்களின் கையில் அப்போது எதுவும் மிஞ்சியிருக்காது.

எனக்கு மிக நெருங்கிய ஒரு குடும்பம் இப்படி வாங்கியது. பேஸ்மென்ட் சுவரில் ஈரம், மேலும் ஆராயவும் என்று அறிக்கை சொன்னது. பெயின்ட் அடித்தால் போதும் என்று முகவர் சொன்னார். பனி உருகிய மாதத்தில் தண்ணீர் உள்ளே வந்தது, வாடகைக்கு இருந்தவர்கள் வெளியேறினார்கள். வெளிச்சுவரைத் தோண்டி நீர்த்தடுப்புப் போட இருபதாயிரத்துக்கு மேல் போனது. பிறகு அந்தப் பரிசோதகரிடம் பேசினோம். "ஓம், இந்த வேலைக்கு அவ்வளவு வரும்தான்" என்றார். அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நீங்கள் சொல்லும் மறுப்புகளையும் கேட்டிருக்கிறேன். விலை ஆளுக்கு ஆள் மாறும் என்கிறீர்கள். ஒரே கூரைக்கு இரண்டு பேர் சொல்லும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும் என்பது உண்மை. அதனால்தான் ஒற்றைத் தொகை கேட்கவில்லை. கீழெல்லை, மேலெல்லை, எந்த வேலையை மனதில் வைத்துச் சொல்கிறீர்கள், எந்தத் தேதியில் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் "திறந்து பார்க்காமல் தொகை சொல்ல முடியாது" என்றே எழுதுங்கள். வாங்குபவருக்கு அதுவும் பெரிய தகவல். வழக்கு வரும் என்கிறீர்கள். உங்கள் ஒப்பந்தங்கள் பலவற்றில் பொறுப்பை நீங்கள் வாங்கிய கட்டணத்தோடு நிறுத்தும் வரி ஏற்கெனவே உண்டு. இது ஏறத்தாழச் சொல்லும் கணக்கு, ஒப்பந்த விலை அல்ல என்று அதோடு தெளிவாகச் சேர்க்கலாம்.

அப்புறம், உங்களில் பலர் வாயால் தொகை சொல்கிறீர்கள். அறிக்கை கொடுத்துவிட்டு, காருக்குப் போகும் வழியில், "ஒரு எட்டுப் பத்தாயிரம் வரும் அண்ணை" என்பீர்கள். எழுத்தில் மட்டும் அது வராது. இதற்கு வழக்குப் பயம் மட்டும் காரணமில்லை என்றே நினைக்கிறேன். உங்கள் வேலையில் பெரும்பகுதி முகவர்களின் சிபாரிசில் வருகிறது. பெரிய தொகைகளை எழுத்தில் வைத்தால் டீலைக் குழப்புகிறவர் என்று பெயர் வந்துவிடும், அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். தனியொரு பரிசோதகருக்கு இது பிழைப்புப் பிரச்சினை, அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் சங்கங்களிடம் கேட்கிறேன். எல்லோரும் எழுத வேண்டும் என்று விதி வந்தால் எழுதியதற்காக யாரும் தண்டிக்கப்பட மாட்டார்கள்.

அதோடு இன்னொரு விதியும் வேண்டும். தான் பரிசோதித்த வீட்டில் பரிசோதகரே திருத்த வேலை எடுக்கக் கூடாது. கலிபோர்னியாவில் பரிசோதித்து 12 மாதங்களுக்கு அப்படிச் செய்வது சட்டப்படி தவறு. அந்தக் காவல் இல்லாமல் தொகை மட்டும் எழுதினால் ஊதிப் பெருக்கவும் இடம் கொடுக்கும்.

இதையெல்லாம் மாகாண அரசு செய்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா 2009இலும் அல்பேர்ட்டா 2011இலும் வீட்டுப் பரிசோதகர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கின. ஒன்ராறியோ 2017இல் சட்டம் இயற்றிவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறது. ஆனால் அறிக்கையில் ஒரு பக்கம் சேர்க்க உங்களுக்குச் சட்டம் தேவையில்லை. கூரை, அத்திவாரம், மின்சாரம், குழாய்கள், வெப்பமூட்டி, வாடகைக்கு விடும் பேஸ்மென்ட் ஆகிய இவற்றுக்கு மட்டும் ஒரு மாதிரிப் படிவம் தயாரியுங்கள். ரொறன்ரோப் பகுதியில் வேலை செய்யும் ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுங்கள். வாங்குபவர்கள் பக்கத்திலிருந்து யாராவது வந்து பேச வேண்டும் என்றால், அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து, வீடு வாங்குவோருக்காக ஒருவர்