டிரெட்மில்லுக்கு உறை தைக்க நம்மூரு டெய்லர்களே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மகளிர் குழுக்காரங்களுக்கு என்ன தொழில் சொல்லிக் குடுக்கலாம்னு பேச்சு வந்தாலே ஊறுகா, பினாயில், துணிப்பை, இதையேதான் எல்லா ஊர்லயும் சொல்றாங்க, எல்லாரும் ஒரே பொருளச் செஞ்சா யாரு வாங்குவாங்க? நான் கிருஷ்ணகிரி பழையபேட்டைல தையல் கடை வெச்சிருக்கேன். வீட்ல இருக்கிற டிரெட்மில், எக்சர்சைஸ் சைக்கிள், வெயிட் தூக்குற பெஞ்ச் இதுக்கெல்லாம் அளவெடுத்து உறை தைச்சுத் தர முடியுமான்னு கேட்டு ஆளுங்க வர்றாங்க, ஆனா நிறைய டெய்லருங்க பிளவுஸ் சுடிதார் மட்டும்தான்னு சொல்லி திருப்பி அனுப்பிடுறாங்க. அதப் பத்திதான் எழுதுறேன்.

நம்ம பக்கம் தூசி எப்படின்னு சொல்லவே வேணாம், ஜல்லி கிரஷரு, கிரானைட் பட்டறை, பெங்களூரு சேலம் ரோட்ல ராத்திரி பகலா ஓடுற லாரி, இதுல ஆடிக் காத்து வேற. அந்த மண்ணு டிரெட்மில் பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவுல போயிடுச்சுன்னா உரசல் ஜாஸ்தியாகி மோட்டார் திணற ஆரம்பிச்சிடும், பெல்ட்டும் சீக்கிரம் தேயும். சரின்னு ஆன்லைன்ல பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போடுறாங்க, அது ஒண்ணு தொளதொளன்னு கிடக்கும் இல்லன்னா ஹேண்டில்கிட்ட முட்டிக்கிட்டு நிக்கும், அதவிட பெரிய தொல்லை என்னன்னா வேர்வை ஈரத்தோட மூடி வெச்சா உள்ளயே புழுங்கி கம்பி துருப்பிடிக்குது. அதனால நான் வீட்டுக்குள்ள இருக்கிற மிஷினுக்கு காத்து போயி வர்ற கெட்டி காடாத் துணிதான் (வெளுக்காத பருத்தித் துணி) வேணும்னு சொல்லுவேன். துணிக்கும் நாம அலைய வேண்டியதில்ல, ஜவுளிக்கடைங்க நிறைஞ்ச பர்கூர் பக்கத்துலயே இருக்கு. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊற வெச்சு காய வெச்சு அயர்ன் பண்ணிடணும், இல்லன்னா முதல் துவைப்புலயே சுருங்கி உறை ஏறாது.

டிரெட்மில்லப் பாத்து பயப்படவே வேணாம். பக்கவாட்டுல நின்னு பாருங்க, முன்னாடி உயரம், பின்னாடி தரையோட தாழ்வு, அவ்வளவுதான். பழைய நியூஸ் பேப்பர ஒட்டி பெருசாக்கி மிஷின் பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுக்க, இன்னொருத்தர் ஓரத்தோடயே பென்சில்ல வரைஞ்சா பேட்டர்ன் ரெடி. அதுல சுத்தி ஒரு இஞ்ச் லூசும் அரை இஞ்ச் தையலுக்கும் விட்டு ரெண்டு பீஸ் வெட்டணும், அப்புறம் முன்னாடி தரைல இருந்து மேல ஏறி டிஸ்பிளே மேல போயி கீழ இறங்கி பின்பக்கம் வரைக்கும் ஒரே நீளத் துண்டு, அதோட அகலத்த ஹேண்டில் எங்க ரொம்ப அகலமோ அங்கதான் எடுக்கணும், பெல்ட்கிட்ட எடுத்தா மாட்டவே முடியாது. அடில மடிச்சு நாடா கோத்துடுங்க. வீட்டுத் தையல் மிஷினே போதும், 16ஆம் நம்பர் ஊசி, நாலஞ்சு மடிப்பு சேர்ற மூலைல மட்டும் 18 போட்டு வீலக் கையால சுத்தி மெதுவா தாண்டணும். குடுக்கும்போது ஒண்ணு சொல்லி அனுப்புங்க, ஓடி முடிச்ச உடனே மூடக்கூடாது, பிளக்க எடுத்துட்டு மோட்டார் சூடு ஆறின பிறகுதான் உறை.

காவேரிப்பட்டணத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வெயிட் தூக்குற பெஞ்ச் சீட்டு ரெக்சின் கிழிஞ்சிடுச்சுன்னு கொண்டு வந்தாரு. ரெக்சின்ல குண்டூசி குத்தினா அந்த ஓட்டை மூடவே மூடாது, அதனால கிளிப்தான் போடணும், தையலையும் நீளமா வெக்கணும், பொடித் தையல் போட்டா ஓட்டை வரிசையா விழுந்து அந்தக் கோட்டோடயே கிழிஞ்சு வந்துடும். ரெக்சின் தையல் மிஷின் பாதத்துல ஒட்டிக்கிட்டு நகராது, மேல ஒரு பேப்பர் கீத்து வெச்சு தைச்சுட்டு அப்புறம் கிழிச்சுட்டா வழுக்கிட்டுப் போகும். புது ரெக்சினுக்கு மேல டவல் துணில எலாஸ்டிக் வெச்சு ஒரு மேலுறையும் போட்டுக் குடுத்தேன். "இதக் கழட்டி துவைக்கலாமாம்மா?"ன்னாரு, "வாராவாரம் துவைங்க சார், வேர்வையெல்லாம் இதுலயே போயிடும், ரெக்சின் தாங்கும்"னு சொன்னேன். அவர் முகத்துல இருந்த சந்தோஷம் இருக்கே, பிளவுஸ் தைச்சுக் குடுத்து நான் பாத்ததே இல்ல.

1989ல தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழுவே நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான் ஆரம்பிச்சாங்க, அப்ப கிருஷ்ணகிரியும் அதுலதான் இருந்துச்சு, 2004லதான் தனியாப் பிரிஞ்சது. அப்பேர்ப்பட்ட மண்ணுல தையல் பயிற்சின்னா இன்னமும் ஜாக்கெட் பாவாடையோட ஏன் நிக்கணும்? ரெண்டு மாவட்ட அதிகாரிங்களும் பயிற்சில இந்த உறை தைக்கிறத ஒரு பாடமா சேக்கணும், பேப்பர் பேட்டர்ன் எடுக்கிறதையும் ரெக்சின் தைக்கிறதையும் கட்டாயம் சொல்லிக் குடுக்கணும். டெய்லர் அக்காங்களுக்கும் ஒரு வார்த்தை, வீட்டுக்குப் போயி அளவெடுக்கிறதுக்கு தனியா கூலி கேளுங்க, கூச்சப்படாதீங்க, ஆன்லைன்காரன் வந்து அளவெடுக்க மாட்டான், நாமதான் போவோம். ஒசூர்ல அடுக்குமாடி வீடு இவ்வளவு வந்திருக்கு, அங்க இருந்து ஆர்டர் பிடிச்சாலே ஒரு குழுவுக்கு வேலை கிடைக்கும்.

இப்படிக்கு,
தையல்கடை வாசகி,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.