ரயில்வே நிலம் ஊர் நிலமானது: துணை நின்றவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

சூரமங்கலத்தில் எங்கள் தெருக்களுக்குப் பின்னால் கிடந்த ரயில்வே நிலம் இப்போது சேலம் மாநகராட்சியின் பெயரில் இருக்கிறது. 80 சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதலான இடம். பத்திரம் முடிந்துவிட்டது, நகர நில அளவைப் பதிவேட்டிலும் பெயர் மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல், பள்ளிக்கு நடந்துபோக ஒரு பாதை, வாடகை வீட்டில் நடக்கும் அங்கன்வாடிக்குச் சொந்தமாக ஒரு கட்டடம், இவற்றுக்காகத்தான் அந்த நிலத்தைக் கேட்டோம். இதற்காக உழைத்தவர்களில் பலருக்கு எங்கள் தெருவில் வீடுகூடக் கிடையாது. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் விரும்பினோம்.

பழைய ரயில்வே குடியிருப்புகளை இடித்த பிறகு அந்த இடம் சும்மாவே கிடந்தது. சீமைக்கருவேலம் மண்டியது. யார் யாரோ இரவில் வந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு தெருவிளக்காவது போடுங்கள் என்று மாநகராட்சியிடம் கேட்டால், தனக்கு உரிமையில்லாத நிலத்தில் அது செலவு செய்ய முடியாது, செய்தால் தணிக்கையில் கேள்வி வரும். ரயில்வேக்கோ வண்டி ஓட்டுவதுதான் வேலை, பூங்கா பராமரிப்பது இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம் என்றால், அந்த நிதியில் நிலம் வாங்க விதி இடம் தராது. நிலம் முதலில் பொதுச் சொத்தாகக் கையில் இருந்தால்தான் அதன்மேல் எதையாவது கட்டித் தர முடியும். எல்லோரும் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சரிகளுக்கு நடுவே பிள்ளைகள் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு, லாரிகளுக்கு இடையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் நன்றி, தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அய்யா ஒருவருக்கு. நிலத்தின் எல்லை எது என்பதிலேயே முதலில் சிக்கல். ரயில்வே வரைபடம் ஒன்று சொன்னது, வருவாய்த் துறையின் புலப்படம் வேறொன்று சொன்னது. எல்லை தெரியாத நிலத்தை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அய்யாவை அழைத்துக்கொண்டு போனோம். புதருக்குள் கொஞ்ச நேரம் நடந்தார், ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். "கல்லு இங்கதான் இருக்கணுங்க, தோண்டிப் பாருங்க" என்றார். கடப்பாரை போட்டதும் எல்லைக்கல் தட்டுப்பட்டது. அடுத்த மூலையில் கல்லுக்குப் பதிலாகப் பழைய தண்டவாளத் துண்டு ஒன்றை நட்டிருப்பார்கள் என்றார். அதுவும் அங்கேயே இருந்தது. அந்தக் காலத்தில் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தை ஒட்டி நடந்து நடந்து அவர் மனதில் பதிந்த கணக்கு அது. எந்த அலுவலகத்துக் கோப்பிலும் அது இல்லை. அய்யா, உங்களுக்குப் பிறகு இதைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. இந்த நிலம் எங்களுக்குக் கிடைத்ததற்கு அந்தக் கல்தான் தொடக்கம்.

அடுத்து, ஓய்வுபெற்ற நில அளவையர் அய்யாவுக்கு. பழைய ரயில்வே வரைபடத்தில் அளவுகள் அடிக்கணக்கில் இருந்தன. பழைய புலப்படம் லிங்க் கணக்கு, அதாவது 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு. இன்றைய பதிவேடு சதுர மீட்டரில் இருக்கிறது. மூன்றையும் ஒரே தாளில் கொண்டுவந்து, எங்கே எவ்வளவு வித்தியாசம், அது ஏன் வந்தது என்று எங்களைப் போன்றவர்களுக்கும் புரியும்படி எழுதிக் கொடுத்தார். இரண்டு துறைகளும் சேர்ந்து அளந்த கூட்டு அளவையில் அந்தத் தாளைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை.

பாலக்காட்டில் இருக்கும் ஓர் ஆவணக்காப்பு ஊழியருக்கும் நன்றி. சேலம் ரயில்வே கோட்டம் 2007 நவம்பரில்தான் உருவானது. அதுவரை எங்கள் பகுதி பாலக்காடு கோட்டத்தின் கீழ் இருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்த பழைய வரைபடமும் அங்கேதான் இருந்தது. அவர் பாதி மலையாளமும் பாதி தமிழுமாகத் தொலைபேசியில் பேசி, எந்த ஆண்டு, எந்தப் பகுதி என்று விவரம் கேட்டுக்கொண்டார். தேடி எடுத்து முறைப்படி நகல் அனுப்பினார். அவர் முகத்தை நாங்கள் இன்னும் பார்த்ததில்லை.

தகவல் கேட்டு எழுதும் மனுக்களை எழுதக் கற்றுத்தந்த வழக்கறிஞர் தங்கைக்கு என்ன சொல்வது? பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் என்பதெல்லாம் பலருக்கும் தெரியும். எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்பதே தெரியாத இடத்தில்தான் நாங்கள் தயங்கி நின்றோம். மனு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், ஐந்து நாளுக்குள் அதை உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது என்று அவர்தான் தைரியம் கொடுத்தார். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள், ஒரு மனுவில் ஒரு விஷயம் போதும் என்றும் சொன்னார். அமெரிக்காவில் மத்திய அரசின் நிலத்தைப் பூங்கா போன்ற பொழுதுபோக்கு இடங்களுக்காக உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க 1926லிருந்தே தனிச் சட்டம் இருப்பதையும், கேட்ட காரணத்துக்குப் பயன்படுத்தாவிட்டால் அந்த நிலம் அரசிடமே திரும்பிவிடும் என்பதையும் அவர் எடுத்துச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எங்கள் கோரிக்கையே தெளிவானது. இலவசமாக ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்பதை விட்டோம். இன்ன வேலைக்கு, இன்ன நிபந்தனையோடு கொடுங்கள் என்று எழுதினோம்.

அலுவலகங்களுக்குள் இருந்து உதவியவர்களை அடையாளம் சொல்ல முடியாது, அவர்களும் அதை விரும்பவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த நிலம் ரயில் ஓட்டத்துக்கு இனித் தேவையில்லை என்று ஒருவர் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எழுதாமல் விட்டிருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். எழுதினால்தான் நாளைக்குக் கேள்வி வரும். அவர் நேரில் வந்து பார்த்து, காரணங்களோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோப்பு அங்கிருந்துதான் மேலே நகர்ந்தது. சந்தை மதிப்பைக் கணக்கிட்டுக் கொடுத்த வருவாய்த் துறையினருக்கும், அந்தத் தொகைக்கு மாமன்றத்தில் தீர்மானம் கொண்டுவரப் பாடுபட்ட எங்கள் வார்டு உறுப்பினருக்கும், ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போட்ட மாநகராட்சி ஊழியர்களுக்கும் நன்றி.

தட்டுவடை செட் போடும் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த நிலத்தின் ஓரத்தில் அவர் வண்டி வெகுகாலமாக நின்றது. பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளில் வேலை முடிந்து வருபவர்கள் பலர் அவரிடம்தான் சாப்பிடுவார்கள். நிலத்தில் ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று சான்று கொடுத்தால்தான் ஒப்படைப்பு நடக்கும் என்ற நிலை வந்தபோது, அவரை ஆக்கிரமிப்பாளர் என்று எழுத எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை. இப்போதும் அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும், "என் பேரனும் அந்த அங்கன்வாடிக்குத்தானே போறான்" என்று சொல்லிவிட்டு, தானாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். முதல் சில மாதங்கள் அவருக்கு வியாபாரம் குறைந்தது எங்களுக்குத் தெரியும். 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அவருக்கு விற்பனைச் சான்று வாங்கித் தரும் வேலையை எங்கள் மகளிர் குழு எடுத்துச் செய்தது. இப்போது அவர் நிற்கும் இடத்தில் முன்னறிவிப்பு இல்லாமல் யாரும் அவரை எழுப்ப முடியாது. அக்கா, இந்த நிலத்துக்காகச் சொந்தப் பிழைப்பை விட்டுக்கொடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நிலம் மத்திய அரசுக்குப் போவதைத்தான் இந்த மாவட்டம் அதிகம் பார்த்திருக்கிறது. 1970இல் இந்திரா காந்தி உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை அடிவாரத்து ஊர்களின் நிலங்கள் அதற்குப் போயின. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக 2018இல் கல் நட்டபோது வயலில் நின்று அழுத விவசாயிகளை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு துண்டு நிலம் அங்கிருந்து இங்கே திரும்பி வந்திருக்கிறது. மத்திய அரசு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவரின் பெயரால்தான் எழுதப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 299ஆவது பிரிவு. எங்கள் பத்திரமும் அப்படித்தான் தொடங்குகிறது. அதை வாசித்துக் காட்டியபோது கூட்டத்தில் வயதான ஒருவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

பத்திரத்தில் இருக்கும் நிபந்தனையையும் இங்கே எழுதிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிய வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இந்த நிலம். கடையோ மண்டபமோ வாகன நிறுத்தமோ கட்டி வாடகைக்கு விட்டால் ரயில்வே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இனி வரும் மாமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் இதை மனதில் வைக்க வேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்கிறோம். பத்திரத்தின் நகல் ஒன்று அங்கன்வாடியில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

அப்புறம், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க இளைஞர்கள் தொடங்கிவிட்டார்கள். வேப்பமரங்களைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம். சுற்றுவேலிக்கு அளவெடுக்கும் நாளை மாநகராட்சி விரைவில் சொல்லும். கேங்மேன் அய்யாவும் நில அளவையர் அய்யாவும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாலக்காட்டு நண்பரையும் கூப்பிட்டிருக்கிறோம். உதவிய எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. மாலையில் அக்காவின் வண்டி எதிர்ப்பக்கம்தான் நிற்கும்.

நன்றியுடன்,
மகளிர் குழுவுக்காகவும் தெருவாசிகளுக்காகவும்,
சூரமங்கலம், சேலம்.