நம்ம பண்ணை வீட்டுச் சுவருக்குள்ள ஒரு வாசல் இருக்கு, அதக் காப்பாத்த கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். பண்ணை வீட்டு ரிப்பேர் வேலை ஏன் பாதியில நிக்குதுன்னு பல பேர் கேக்குறீங்க, நிறுத்தச் சொன்னது கமிட்டிதான்.

பின்கட்டுல சிமெண்ட் பூச்சு உப்பிப்போய் இருந்துச்சு, கொத்தனார் ஒரு தட்டு தட்டினதும் பாளம் பாளமா விழுந்துச்சு, உள்ள பழைய சுண்ணாம்புக் காரை, அதுக்கும் பின்னாடி செங்கல் வச்சு அடைச்ச ஒரு வாசல். நிலைய கூட கழட்டாம அப்படியே மூடியிருக்காங்க. அந்த நிலை ஓரத்துல பென்சில்ல சின்னச் சின்ன கோடு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா, ஏதோ ஒரு பிள்ளைய நிக்க வச்சு உயரம் பாத்தது. கடைசி கோடு நம்ம இடுப்பு உயரம்தான் இருக்கு. அன்னைக்கு அதுக்கப்புறம் யாரும் சுத்தியலத் தொடல.

பரண்ல ஏறிப் பாத்தா உத்திரத்துல தச்சர் உளியால வெட்டின குறிங்க, எந்த மரம் எதோட சேரணும்னு தரையில வச்சு பொருத்திப் பாத்து போட்டது. ரெண்டு விட்டத்துல மட்டும் குறி எதோடவும் சேரல, காடி வெட்டியிருக்கு ஆனா அதுல எந்த மரமும் உக்காரல, அப்போ இதவிட பழைய கட்டடம் ஒண்ணுல இருந்து கழட்டிட்டு வந்த மரம்னுதான் நாங்க நெனைக்கிறோம். பென்சில் கனத்துக்கு ஒரு துளை போட்டு மரத்தோட வளையங்கள் எவ்வளவு அகலம்னு அளந்து, வருஷம் தெரிஞ்ச மரங்களோட வளையத்தோட ஒப்பிட்டுப் பாக்கலாம், அது பொருந்தி, பட்டையோரக் கடைசி வளையமும் மிஞ்சியிருந்தா மரத்த வெட்டின வருஷமே தெரியும். டக்ளஸ்ங்கிற வானியல் அறிஞர் 1929-லயே அமெரிக்காவோட தென்மேற்குல இருக்கற பியூப்லோங்கிற பழங்குடி மக்களோட பழைய வீடுகளுக்கு இந்த வழியிலதான் வருஷம் சொன்னார்.

பணம் மூணு விஷயத்துக்கு வேணும். இந்த வளைய டெஸ்ட், பூச்ச உடைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் அளந்து போட்டோ எடுக்கறது, அப்புறம் சிமெண்ட்ட எடுத்துட்டு திரும்ப சுண்ணாம்புலயே பூசறது. கடைசி வேலைக்குத்தான் செலவு ஜாஸ்தி, ஆனா அத விட்டுக்கொடுக்க முடியாது, சுண்ணாம்பு ஈரத்த வெளிய விடும், சிமெண்ட் உள்ளயே அடைச்சு வச்சு மரத்தையும் செங்கலையும் தின்னுடும், இந்தச் சுவர் உப்பினதே அதனாலதான்.

எவ்வளவு முடியுமோ கொடுங்க, சின்னத் தொகைன்னு தயங்க வேண்டாம். வரவு செலவு மாசா மாசம் எல்லாருக்கும் அனுப்புவோம். பணம் முடியலன்னா இந்த வீட்டோட பழைய போட்டோவோ பத்திரமோ இருந்தா காட்டுங்க, காப்பி எடுத்துட்டு கையோட திருப்பித் தந்துடுறோம்.

கூரை இப்ப தார்ப்பாய் மூடித்தான் நிக்குது. மழைக்குள்ள வேலைய முடிக்கணும், இல்லன்னா ஈரம் இறங்கி அந்த பென்சில் கோடு தான் முதல்ல அழியும்.