உறையை உண்பது யார்?

ஈசூன்,
பொங்கல் முடிந்த மறுவாரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "ஏஜிபி நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்துதானே சாகிறது?" என்றால், இல்லை. ஏஜிபி என்பது முதுமையில் உப்பிப் பெருத்த சிவப்பு ராட்சத நட்சத்திரம். எரிபொருள் தீருவதற்கு வெகுகாலம் முன்பே அதன் வெளி உறை, நட்சத்திரத்திலிருந்தே கிளம்பும் வாயுக் காற்றில் பறந்துவிடுகிறது. இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டு.

2 சூரிய நிறையோடு பிறந்த நட்சத்திரம் என்று வைத்துக்கொள். நடுவில் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த உள்ளகம், 0.6 சூரிய நிறை. அதைச் சுற்றி ஹீலியம் ஓடு, அதன்மேல் ஹைட்ரஜன் எரியும் ஓடு, அதற்கும் மேலே உப்பிக்கிடக்கும் உறை. போலந்து வானியலாளர் பஷின்ஸ்கி 1970-இல் தந்த உறவு (எல்லாம் சூரிய அலகில்): ஒளிர்வு = 59,250 × (உள்ளக நிறை − 0.522). 0.6 போட்டால் சுமார் 4,600 சூரியன். இவ்வளவு ஒளியைத் தர ஹைட்ரஜன் ஓடு ஆண்டுக்கு உறையிலிருந்து எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 6×10⁻⁸ சூரிய நிறை, அதாவது ஒன்றரை நிலாவுக்குக் கொஞ்சம் கூடுதல். கடைசிக் கட்டத்தில் காற்று கொண்டுபோவதோ ஆண்டுக்கு 10⁻⁵ சூரிய நிறை, மூன்று பூமிக்கு மேல். உள்ளே தின்பதைவிட வெளியே கொட்டுவது நூற்றைம்பது மடங்குக்கும் அதிகம். உறையில் 1.4 சூரிய நிறை முழுதாக இருந்தாலும் இந்த வேகத்தில் 1,40,000 ஆண்டில் காலி.

காற்று எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இந்த நட்சத்திரம் மாறிமாறி உப்பிச் சுருங்கும், அந்தத் துடிப்பே வாயுவைத் தூக்கி எறிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 300 சூரிய ஆரம், 1.5 சூரிய நிறை என்றால் பரப்பில் தப்பும் வேகம் சுமார் 44 கிமீ/நொடி. ஆனால் அளந்து பார்த்த காற்றின் வேகம் வெறும் 10 முதல் 15 கிமீ. துடிப்பு வாயுவை இரண்டு மூன்று ஆர உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அங்கே வெப்பம் 1,500 கெல்வினுக்குக் கீழே இறங்கியதும் தூசு உறைகிறது. ஒளி அந்தத் தூசைத் தள்ள, தூசு வாயுவை இழுத்துக்கொண்டு போகிறது. தூசு இல்லையென்றால் ஏறிய வாயு திரும்ப விழுந்துவிடும்.

தூசு எந்த வகை என்பதைக் கார்பன், ஆக்சிஜன் இரண்டில் எது மிஞ்சுகிறது என்பது முடிவு செய்கிறது. இரண்டும் கார்பன் மோனாக்சைடாக இறுகப் பிணைந்துவிடும், மிஞ்சியதுதான் தூசு ஆகும். ஆக்சிஜன் மிஞ்சினால் சிலிகேட். கார்பன் மிஞ்சினால் கரி, சிலிக்கன் கார்பைடு. ஹீலியம் ஓடு பல்லாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை குபீரென்று பற்றும் வெப்பத் துடிப்புக்குப் பிறகு, உறை உள்ளே இறங்கிக் கார்பனை அள்ளிவரும். இப்படிப் பலமுறை அள்ளினால் கணக்கு மாறி நட்சத்திரம் கார்பன் நட்சத்திரம் ஆகிவிடும். முயல் மண்டலத்து ஆர் லெபோரிஸ் அப்படிப்பட்டது, கருஞ்சிவப்பு. அள்ளிவருவது உண்மைதானா என்று ஒரு பிள்ளை கேட்டால் டெக்னீசியத்தைச் சொல். அதன் நீண்ட ஆயுள் ஐசோடோப்பு ஒன்றின் அரையாயுள் 2.1 இலட்சம் ஆண்டு. 1952-இல் வானியலாளர் மெரில் அந்தத் தனிமத்தை இத்தகைய நட்சத்திரங்களின் நிறமாலையில் கண்டார். பிறக்கும்போதே இருந்திருந்தால் எப்போதோ சிதைந்து போயிருக்கும். உள்ளே புதிதாகச் சமைத்ததைத்தான் மேலே கொண்டுவந்திருக்கிறது.

உறை நூற்றில் ஒரு பங்கு சூரிய நிறை அளவுக்கு மெலிந்ததும் நட்சத்திரம் சுருங்கத் தொடங்கும். ஒளிர்வு அப்படியே 4,600, ஆரம் மட்டும் குறைகிறது. 3,000 கெல்வினிலிருந்து 30,000-க்கு ஏற, ஆரம் நூறில் ஒன்றாகவேண்டும்: 300-லிருந்து 3. அப்போது வரும் புற ஊதா ஒளி, முன்பு ஊதித்தள்ளிய வாயுவை ஒளிரவைத்தால் அந்த வாயு முகில்தான் கோள் நெபுலா. உள்ளகம் இலேசாக இருந்தால் இந்தச் சுருக்கம் மிக மெதுவாக நடக்கும். அதற்குள் வாயு கலைந்துபோய் நெபுலாவே தெரியாமல், எரிவது நின்று ஆறிக்கொண்டிருக்கும் வெறும் உள்ளகமாக, அதாவது வெண்குறுமீனாக ஆகிவிடும். சில சமயம் ஆறும் நேரத்தில் கடைசியாக ஒரு ஹீலியம் வெடிப்பு வந்து, நட்சத்திரம் மறுபடி ராட்சதனாக உப்பிவிடும். 1996-இல் ஜப்பானியப் பொழுதுபோக்கு வானோக்கர் சகுராய் தனுசு மண்டலத்தில் பிடித்தது இதைத்தான். சில ஆண்டுகளிலேயே தன் தூசில் மூழ்கி மறைந்துவிட்டது. நட்சத்திரங்கள் கோடி ஆண்டு பொறுமைசாலிகள் என்ற எண்ணத்தை இது ஒன்றே உடைத்துவிடும்.

பிள்ளைகளைப் பார்க்கவும் வை. திமிங்கில மண்டலத்து மைரா இப்படித் துடிக்கும் ஏஜிபி நட்சத்திரம்தான், நம் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட தலைக்கு நேரே கடக்கும், வேறென்ன வேண்டும்? வீவக அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிட மேல்தளம் போதும், 10×50 இருகண் நோக்கி போதும். உச்சத்தில் மைராவின் ஒளி அளவு பெரும்பாலும் 2 முதல் 4-க்குள் இருக்கும் (எண் குறைந்தால் ஒளி கூடுதல்). ஒப்பிட அதே மண்டலத்து நட்சத்திரங்கள்: மென்கார் 2.5, காமா சீட்டி 3.5, டெல்டா சீட்டி 4.1. சுழற்சி 332 நாள் என்பதால் உச்சம் ஆண்டுக்கு ஒரு மாதம் முன்னால் நகரும். சில ஆண்டுகளில் சூரியனுக்குப் பக்கத்தில் சிக்கி உச்சத்தைக் காணவே முடியாது, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

அளவு தப்புவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்கு அது பிரகாசம் கூடிக்கொண்டே போகும். பார்வையை மாற்றிமாற்றிச் சட்டென்று பார்க்கச் சொல், குவியத்தைச் சற்று மங்கலாக்கிக்கொள்ளட்டும். கேமராவில் எடுத்தால் ரா (பதப்படுத்தாத) கோப்பாக எடுத்துப் பச்சை சேனலை மட்டும் அளக்கவேண்டும். சிவப்பு சேனல் முதலில் நிரம்பிவிடும். புகைமூட்டமோ மெல்லிய மேகமோ இருந்தால், பக்கத்திலுள்ள ஒப்பீட்டு நட்சத்திரத்தைத் தவிர வேறொன்றையும் எடுக்கவேண்டாம்.

ஜனவரி மழை ஓய்ந்து பிப்ரவரியில் வானம் கொஞ்சம் விடும், அப்போது ஆர் லெபோரிஸைப் பிடி. மே கடைசியில், ஜூன் விடுமுறை தொடங்கும்போது, இரவு 10 மணிக்கு மைரா போலவே துடிக்கும் ஆர் ஹைட்ரா தெற்கே 65 பாகை உயரத்தில் நிற்கும், காமா ஹைட்ரா நட்சத்திரத்துக்குக் கிழக்கே சுமார் 2.5 பாகை. 1700 வாக்கில் அதன் சுழற்சி 495 நாள், 1950 வாக்கில் 385. வெப்பத் துடிப்பு ஒன்றின் வாலாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. பெரிய பையன்களுக்கு அதைக் கொடு, வாரம் ஒரு அளவு போதும்.

அன்புடன்,
முத்து