ஊர்வசியை 'காமெடி அம்மா'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல தமிழ் சினிமா அம்மாக்களைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் எழுதுறேன். நல்லா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா ஊர்வசிகிட்ட வந்ததும் காமெடி அம்மான்னு ஒரே வரி எழுதிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டீங்க. ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் உக்காந்துட்டேன்.

2020 தீபாவளி ஞாபகம் இருக்கா சார், கொரோனா நேரம், எல்லாரும் வீட்டுலயே டிவிலயும் போன்லயும் படம் பாத்துட்டு இருந்தோம். நவம்பர் 12ஆம் தேதி சூரரைப் போற்று வந்துச்சு, ரெண்டே நாள் கழிச்சு தீபாவளி அன்னிக்கு மூக்குத்தி அம்மன். ரெண்டுலயும் ஹீரோவுக்கு அம்மா ஊர்வசிதான். ரெண்டு படத்தையும் ஒரே வாரத்துல பாத்தவ நான், அதனால சொல்றேன், அது ரெண்டும் ஒரே ஆள் பண்ணதுன்னு நம்பவே முடியல.

சூரரைப் போற்றுல பேச்சி. அப்பா சாகக் கிடக்காருன்னு தெரிஞ்சும் பிளைட் டிக்கெட்டுக்குக் காசு பத்தாம ஏர்போர்ட்ல முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட எல்லாம் கை நீட்டி, கடைசில எல்லாம் முடிஞ்சப்புறம் ஊருக்கு வந்து நிக்கிறான் மகன், அவனை அடிச்சுக்கிட்டே அழுவாங்களே அந்த சீன். அடிக்கிற கைதான், ஆனா விட்டா விழுந்துருவோம்னு அவனையே புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரியும் இருக்கும். எங்க வீட்டுல அந்த சீன் ஓடறப்ப யாரும் ஒரு வார்த்தை பேசல. எங்கம்மா எந்திரிச்சு கிச்சனுக்குப் போயிட்டாங்க. தாத்தா தவறினப்ப எங்க மாமாவால வந்து சேர முடியல, அது இன்னும் அவங்களுக்கு ஆறாத விஷயம்.

மூக்குத்தி அம்மன்ல நாகர்கோவில் குடும்பம், புருஷன் விட்டுட்டுப் போயிட்டாரு, பிள்ளைங்களை வச்சுக்கிட்டு தனியா சமாளிக்கிற பொம்பளை, எப்படியாவது திருப்பதி போயிட்டு வந்துரணும்னு ஆசை, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணு வந்து தடுத்துரும். இதுல சிரிப்பு இருக்கு, உங்க கட்டுரை சொல்ற காமெடி இதுதான்னு வச்சுக்கிட்டாலும், அந்தம்மா யாரையும் சிரிக்க வைக்க ட்ரை பண்ணல சார். அவங்க உண்மையாவே புலம்புறாங்க. நமக்குத்தான் சிரிப்பு வருது, ஏன்னா நம்ம வீட்டுலயும் இப்படி மூச்சு விடாம புலம்புற ஒரு ஆளு இருக்காங்க. பேச்சி வார்த்தையை முழுங்குற ஆளு, இவங்க கொட்டுற ஆளு. குரலோட வேகத்தை மாத்தியே ஆளை மாத்திட்டாங்க.

இது அவங்களுக்கு இப்ப வந்த வித்தை இல்ல, 1983ல முந்தானை முடிச்சு படத்துல குழந்தையைத் தாண்டி பொய் சத்தியம் பண்ண பரிமளம்கிற அந்தப் பொண்ணுகிட்டயே இருந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சே பண்றா, ஆனாலும் நமக்கு அவமேல வெறுப்பு வராது. அப்புறம் மைக்கேல் மதன காமராஜன்ல பாலக்காட்டு சமையல்காரர் காமேஸ்வரனோட திருபுரசுந்தரி, மகளிர் மட்டும்ல ஆபீஸ் போற ஜானகி, பஞ்சதந்திரம்ல அம்மிணி, சிவா மனசுல சக்தில ஜீவாவுக்கு அம்மா. கமல் எதிர்ல நின்னு காமெடி பண்றது சாதாரண விஷயமான்னு நீங்களே சொல்லுங்க.

2022ல வீட்ல விசேஷம். ஹிந்தியில ஏற்கனவே வந்த கதைதான். ஐம்பது வயசுல, கல்யாண வயசுல பையன் இருக்கறப்ப, மறுபடி கர்ப்பமாகுற அம்மா. கொஞ்சம் பிசகினாலும் கூச்சமா போயிருக்கும். புருஷனா சத்யராஜ், மாமியாரா கே.பி.ஏ.சி. லலிதா, இவங்க எல்லாருக்கும் நடுவுல அந்த வெட்கத்தையும் சங்கடத்தையும், குழந்தையை விட மாட்டேங்கிற பிடிவாதத்தையும் சேத்து கொண்டு போனாங்க.

நீங்க கண்டிப்பா எழுதியிருக்கணும்னு நான் நினைக்கிறது ஜே பேபி. 2024 மார்ச் 8 ரிலீஸ், டைரக்டர் சுரேஷ் மாரி, பா.ரஞ்சித்தோட நீலம் தயாரிப்பு. உண்மையா நடந்த விஷயத்தை வச்சு எடுத்தது. மனசு நிலை சரியில்லாம வீட்டை விட்டுப் போற ஒரு அம்மா கொல்கத்தா வரைக்கும் போயிடறாங்க, ஒருத்தரோட ஒருத்தர் முகம் குடுத்துப் பேசாத ரெண்டு மகனுங்க, தினேஷும் மாறனும், சேந்து போய் கூட்டிட்டு வரணும். அந்தம்மா பேசுறது சிரிப்பா இருக்கும், சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அய்யோ இதுக்கா சிரிச்சோம்னு தொண்டை அடைச்சுக்கும். பைத்தியம்னு காட்ட தலைமுடியை விரிச்சுப் போட்டு கண்ணை உருட்டுறது நம்ம சினிமால எத்தனை பாத்திருப்போம், இவங்க அதுல ஒண்ணு கூட பண்ணல. எங்க தெருவுல இப்படி ஒரு அக்கா இருந்தாங்க, அப்படியே அவங்க நடை, அவங்க பேச்சு. படம் பாத்தப்புறம்தான் அவங்ககிட்ட நாங்க இன்னும் நல்லா நடந்திருக்கலாமேன்னு தோணுச்சு. எங்க சொந்தத்துல ரெண்டு பேருக்கு மேல இந்தப் படத்தைப் பாக்கல, சினிமாவுக்குன்னு இத்தனை பக்கம் ஒதுக்குற உங்க பத்திரிகையும் சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?

இன்னொண்ணு. இவங்களுக்கு தேசிய விருது ரெண்டு தடவை வந்துச்சு, ரெண்டுமே மலையாளப் படத்துக்கு, ரெண்டுமே சிறந்த துணை நடிகை. 2005ல வந்த அச்சுவின்டே அம்மா, படத்தோட பேரே அவங்க கேரக்டர்தான், அதுவும் துணை. அப்புறம் உள்ளொழுக்கு, வெள்ளத்துல மூழ்கி நிக்கிற வீட்டுல செத்துப்போன மகனை அடக்கம் பண்ண முடியாம காத்திருக்கிற அம்மா. அவங்களும் நடிகை பார்வதியும்தான் படம் முழுக்க, அதுவும் துணை. 2025ல அறிவிச்சப்ப, எந்த அளவுகோலை வச்சு இதைத் துணைன்னு முடிவு பண்ணீங்கன்னு அவங்களே வெளிப்படையா கேட்டாங்க. அவ்ளோ வருஷ சர்வீஸ் உள்ளவங்க வாய் விட்டு கேக்கற நிலைமைக்கு வந்தது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அம்மா வேஷம்னா துணைதான்னு விருது குடுக்கறவங்களும் நினைக்கிறாங்க, கட்டுரை எழுதுறவங்களும் அப்படியே நினைக்கிறாங்க.

உங்க நிருபர் மேல கோவம் இல்ல, அவரு மத்த நடிகைங்களைப் பத்தி எழுதினது அருமையா இருந்துச்சு. அவரை ஜே பேபி ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு அடுத்த இதழ்ல ஊர்வசிக்குன்னு தனியா ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க, அந்த ஒரே வரியை என்னால மறக்க முடியல.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகி