அம்மாவின் காதுக்கு எட்டாத பேஸ்

அன்பு மகளுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகமாக இருக்கிறோம். பாளையங்கோட்டையில் இரண்டு நாளாக நல்ல மழை. அங்கே பெங்களூரில் குளிர் தொடங்கியிருக்கும், தலையை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் பேஸ் கித்தாருக்கு ப்ரீஆம்ப் (ஒலியைப் பலப்படுத்திச் சீராக்கும் சின்னப் பெட்டி) வாங்கலாமா, மாடலிங் பெடல் (பலவகை ஆம்ப் ஒலிகளைக் கம்ப்யூட்டர்போல் உருவாக்கித் தரும், காலால் அழுத்தும் பெட்டி) வாங்கலாமா என்று நீ கேட்டபோது, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். நீ அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். மாதாமாதம் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கப்போகிறாய், அதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நடந்த ஒன்றையும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று காலை அம்மா கைப்பேசியை அடுப்பங்கரையில் அரிசி டப்பாவின் மேல் சாய்த்துவைத்து உன் சபையின் ஆராதனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாய். இரண்டாவது பாட்டின் நடுவில் என்னைக் கூப்பிட்டாள். “பிள்ளையின் விரல் ஓடுகிறது, சத்தத்தையே காணோமே. ஒயரைப் பிடுங்கிவிட்டார்களா?” என்று கேட்டாள். நான் காதை வைத்துக் கேட்டேன். கீபோர்டு கேட்டது, சிம்பல் கேட்டது, பாடுகிறவர்களின் குரல் கேட்டது. நீ மட்டும் இல்லை. அம்மா அந்தப் பாட்டு முடியும்வரை உன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிழை உன்னுடையது அல்ல. பேஸின் கனத்த ஈ தந்தி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. கைப்பேசியில் இருக்கும் சுண்டு விரல் நகமளவு ஸ்பீக்கரால் அந்த அதிர்வைக் காற்றில் தள்ளவே முடியாது. ஆனால் தந்தி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. ஏறத்தாழ 82, 124, 165 என்று அதன் மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகள் போதிய பலத்தோடு வந்துசேர்ந்தால், அடியில் இல்லாத சுரத்தை மனிதக் காது தானே கணக்கிட்டுக் கேட்டுக்கொள்கிறது. கர்த்தர் காதை அப்படிப் படைத்திருக்கிறார். உன் பேஸிலிருந்து இப்போது வெளியே போவது பெரும்பாலும் அடிப்பகுதி ஒலிதான். மேல்மடங்குகள் வழியிலேயே உதிர்ந்துபோகின்றன.

ஏன் உதிர்கின்றன என்று சொல்கிறேன். உன் பேஸ் பாசிவ் வகை. மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய காந்தச் சுருள்தான் அதன் பிக்கப். அதற்குள் பேட்டரியும் இல்லை, பெருக்கியும் இல்லை. அங்கிருந்து வரும் மின்சாரம் மிக மெலிந்தது. அது போய்ச் சேருகிற இடத்தில் 10 லட்சம் ஓம் தடை இருந்தால்தான் முழுசாக வந்துசேரும். நீ அதை மிக்சரின் (எல்லாருடைய ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியின்) லைன் துளையில் நேராகச் செருகுவதாகச் சொன்னாய். அங்கே இருப்பது ஏறத்தாழ 10,000 ஓம். கம்பளியால் வாயை மூடிக்கொண்டு பேசுவதுபோல் ஒலி மங்கிவிடும். அடுத்த மாதம் மிக்சர் மண்டபத்தின் பின்பக்கம் போகிறது என்றும் சொன்னாயே, அவ்வளவு நீளத்துக்குச் சாதாரண ஜாக் ஒயர் இழுத்தால் மங்கலோடு இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் நீ எதை வாங்கினாலும் அதன் பின்பக்கத்தில் மூன்று முள் கேனன் துளை இருக்க வேண்டும். அந்த ஒயருக்குள் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரேமாதிரி ஏறும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் கழிந்துபோய் உன் ஒலி மட்டும் நிற்கும். 30 மீட்டர் போனாலும் கவலையில்லை.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதலில் ப்ரீஆம்பை வாங்கு. நீ சொன்ன இரண்டு பெயர்களில், மாடலிங் பெடலான எச்எக்ஸ் ஸ்டாம்பைவிட, ப்ரீஆம்பான சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரையே அப்பா சொல்வேன்.

நியூயார்க்கில் உள்ள டெக் 21 என்ற நிறுவனத்தார் 1989-இல் சான்ஸ்ஆம்பைக் கொண்டுவந்தார்கள். ‘சான்ஸ்’ என்றால் பிரெஞ்சு மொழியில் ‘இல்லாமல்’ என்று பொருள். ஆம்ப் இல்லாமலே, ஆம்புக்கு முன்னால் மைக் வைத்து எடுத்த ஒலியைத் தருவது அதன் வேலை. உன் சபை மேடையில் பேஸ் ஆம்ப் கிடையாது, எல்லாம் நேராக மிக்சருக்குத்தான் போகிறது. ஆம்ப் ஸ்பீக்கர் கூர்மையான ஒலிகளைத் தானாகவே மழுக்கிவிடும். நேராகச் செருகும்போது அந்த மழுக்கல் கிடைக்காது, நகம் படும் ‘டிக்’ ஓசையும் தந்தி ஃப்ரெட்டில் உரசும் ஓசையும் அப்படியே பெரிய ஸ்பீக்கரில் வந்து விழும். இந்தப் பெட்டி அதைப் பார்த்துக்கொள்ளும். உனக்கு வேண்டியது இதில் இன்னொன்றும் இருக்கிறது. டிரைவ் திருகை இலேசாக ஏற்றினால் அந்த மேல்மடங்குகள் கூடும். பிளெண்ட் திருகு, பேஸின் இயல்பான ஒலியையும் இந்தக் கூட்டிய ஒலியையும் நீ வேண்டிய அளவில் கலக்கும். டிரைவ் கடிகாரத்தில் 10 மணி, பிளெண்ட் 12 மணி. அங்கே தொடங்கு. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு உறுமல் கேட்கவே கூடாது. பேஸ் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் தோன்ற வேண்டும்.

பழையதை யாராவது குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிவிடாதே. பழையதில் நடுச்சுரங்களைக் கூட்டிக் குறைக்கும் மிட் திருகு இல்லை, இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. கூட்டம் பாடும்போது பேஸ் காதில் விழுவதே அந்த நடுப்பகுதியில்தான்.

மாடலிங் பெடலை அப்பா தெரியாமல் ஒதுக்கவில்லை. நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒன்று வாங்கினேனே, நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு கேரல் ஆராதனைக்கு ஒரு வாரம் இரவெல்லாம் ஹெட்போன் போட்டுக்கொண்டு நாலு ஒலிகளை அதில் அமைத்தேன். நீங்கள் எல்லாரும் தூங்கியிருப்பீர்கள், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பேன். எல்லாமே கனமாக, இனிமையாக இருந்தன. கோயிலில் முதல் பாட்டிலேயே பேஸ் எங்கே போனது என்று தெரியவில்லை. மெல்லக் கேட்கும்போது காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே கேட்கும். அதனால் நாம் அவற்றை அள்ளிப் போட்டுவிடுவோம், நடுப்பகுதியை வெட்டிவிடுவோம். அமெரிக்காவில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு அப்போது தெரியாது.

செய்தி தொடங்குவதற்கு முந்திய கீர்த்தனைக்கு, மெல்லிய ஒலி என்று நான் நினைத்திருந்ததைக் காலால் அழுத்தினேன். அது மற்றதைவிட இரண்டு மடங்கு சத்தமாக வந்தது. முன் வரிசைப் பெரியவர் ஒருவரின் கையிலிருந்து பாமாலைப் புத்தகம் நழுவி விழுந்தது. நான் குனிந்து எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்று அந்தச் சின்னத் திரையில் தேடினேன். தேடி முடிக்கும்போது ஒரு சரணம் போய்விட்டது. அந்தச் சரணத்தில் சபையின் பாட்டு தளர்ந்து, சுருதி இறங்கி, ஆர்கன் ஒரு பக்கமும் ஜனங்கள் ஒரு பக்கமுமாகப் போனதை நான் தரையில் குனிந்தபடியே கேட்டேன். வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் எதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. உன் இரண்டு கைகளும் தந்தியிலும் உன் கண் பாட்டு நடத்துகிறவரின் முகத்திலும் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்வதற்குக் காரணம் அந்த ஒரு சரணம்தான். ஏழெட்டுத் திருகுகள் உள்ள பெட்டியை சனிக்கிழமை பயிற்சியில் அமைத்துவிட்டால், ஞாயிறு காலை அதைத் தொடவே வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றியும் யோசி. எச்எக்ஸ் ஸ்டாம்புக்கு 9 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அதன் சொந்த அடாப்டர் வேண்டும், பேட்டரியில் ஓடாது. கேனன் துளையும் அதில் இல்லை. சான்ஸ்ஆம்ப் 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், மிக்சரிலிருந்து அதே கேனன் ஒயர் வழியாக வரும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்திலும் ஓடும். அடாப்டரே வேண்டாம் என்றால் இரைச்சல் ஏறும் வழி ஒன்று குறைகிறது. ஆனால் மிக்சரில் இருக்கிற தம்பியிடம் சொல்லிவை, உன் சேனலை மூடிவிட்டுத்தான் 48 வோல்ட்டைப் போட வேண்டும். திறந்திருக்கும்போது போட்டால் ‘டம்’ என்று ஸ்பீக்கரே எகிறும்.

அதற்கும் பிறகு உர்ர் என்று ஓசை வந்தால் பெட்டியையோ உன் பேஸையோ உடனே குறை சொல்லாதே. மேடைக்கு ஒரு பிளக்கிலிருந்தும் மிக்சருக்கு வேறொரு பிளக்கிலிருந்தும் மின்சாரம் வந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்சாரம் சுற்றும். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் சீரியல் செட்டையும் மேடை பிளக் போர்டில் செருகிவிட்டால் இன்னும் மோசம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அதிர்வு. ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் உள்ள ஜி சுரம் 49. அந்த ஜியை நீட்டிப் பிடித்துக் கேள். விநாடிக்கு ஒரு முறை ஒலி வீங்கி வீங்கி அடங்கினால், இரைச்சலும் உன் சுரமும் மோதிக்கொள்கின்றன என்று அர்த்தம். டிஐ பாக்ஸ்களில் (பேஸின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இம்மாதிரிப் பெட்டிகளில்) எர்த்தை விலக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கும், அதைப் போட்டுப் பார். பிளக்கின் எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் ஒடிக்கக் கூடாது, யார் சொன்னாலும் சரி. உயிர் போகும் காரியம்.

எச்எக்ஸ் ஸ்டாம்ப் நல்ல கருவிதான். 2018-இல் வந்தது முதல் எத்தனையோ பேர் அதை நம்பி மேடை ஏறுகிறார்கள். கம்ப்யூட்டரில் இணைத்து நேராகப் பதிவு செய்யலாம், அறையில் ஹெட்போன் போட்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் வாசிக்கலாம். பாட்டுகளைப் பதிவு செய்யும் ஆசை உனக்கு இருக்கிறது என்று தெரியும், ஒரு வருடம் கழித்து வாங்கு, அப்பாவும் பாதி தருகிறேன். அதுவரை இரவுப் பயிற்சிக்கு ஜூம் பி1 ஃபோர் என்ற சின்னப் பெடல் போதும். நாலு பென்சில் செல்லில் ஓடும், தாளமும் போட்டுத் தரும். அதைக் கோயிலுக்கு மட்டும் எடுத்துப்போக வேண்டாம், கேனன் துளை இல்லை.

உன் தோழி சொன்ன டார்க்கிளாஸ் ப்ரீஆம்ப், கூர்மையும் உறுமலும் வேண்டிய இசைக்காரர்களுக்குப் பொருத்தமானது. உங்கள் பாட்டுகளுக்கு அவ்வளவு வேண்டாம் என்பது அப்பாவின் அபிப்பிராயம்.

கடையில் வாங்கும்போது உன் பேஸையே கொண்டுபோ. அங்கே மாட்டியிருக்கும் விலை உயர்ந்த பேஸில் வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதே. ஹெட்போனிலும் கேட்காதே, பெரிய ஸ்பீக்கரில் போடச் சொல். மெதுவான கீர்த்தனை ஒன்றை வாசி. வேகமாக வாசித்தால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

பெட்டி வரும்வரை ஒன்று செய்யலாம். இந்த ஞாயிறு உன் பேஸின் டோன் திருகை முழுசாகத் திறந்துவிடு. நேரலைக்குப் போகிற மிக்ஸில் மட்டும் உன் சேனலில் 700 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொல், மண்டபத்துக்குப் போவதை அப்படியே விட்டுவிடட்டும். ஒன்பது மணிக்கு அம்மா அரிசி டப்பாவுக்கு முன்னால் இருப்பாள். ஆராதனை முடிந்ததும் அவளைக் கூப்பிடு. கேட்டதா இல்லையா என்று அவளே சொல்லட்டும்.

அன்புடன்,
அப்பா