துப்பாக்கிப் பாடம்: ஒப்பித்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் டென்னசி மாநில அரசுப் பள்ளிகளில் 2025-26 கல்வியாண்டிலிருந்து துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் கட்டாயமாகியிருக்கிறது. பாலர் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சுடக் கற்றுத்தருகிறார்களோ என்று யாரும் பதற வேண்டாம். நிஜத் துப்பாக்கியோ தோட்டாவோ வகுப்புக்குள் வரக் கூடாது என்று 2024-ல் நிறைவேறிய சட்டமே சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது நான்கே நான்கு: நில், தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமெரிக்க அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் 1988-ல் 'எடி ஈகிள்' என்ற கழுகுச் சித்திரத்தை வைத்துப் பரப்பத் தொடங்கியதும் ஏறக்குறைய இதேதான்.

பாடத்தில் குறையில்லை, நடத்தும் விதத்தில்தான் கோளாறு. காணொளியைப் போட்டு, நான்கு வரியையும் கூட்டாகச் சொல்லவைத்து, ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினால் பிள்ளை அழகாக ஒப்பிக்கும். நான்கைந்து வயதுப் பிள்ளைகளை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. விதியை வாயால் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், யாரும் இல்லாத அறையில் துப்பாக்கியைப் பார்த்தபோது அதன்படி நடக்கவில்லை.

நடத்த வேண்டிய முறை வேறு. சுட முடியாத போலித் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, ஆசிரியர் முதலில் தானே செய்துகாட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக நாலைந்து தடவை செய்ய வேண்டும். பத்து வினாடிக்குள் இடத்தைவிட்டு நகர்ந்ததா, பெரியவரிடம் போய்ச் சொன்னதா என்று பார்த்து, தவறை அங்கேயே திருத்த வேண்டும். சில நாள் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், பிள்ளை தனியாக வரும் இடத்தில் அதே போலியை வைத்து மறைந்து கவனிக்க வேண்டும். தொட்டால் உடனே உள்ளே போய் அதே இடத்தில் மறுபடி பழக்க வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் பலன் தருகிறது. நேரமும் ஆளும் இல்லையென்று முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் சில உண்டு. 'பெரியவரிடம் சொல்' என்பதைப் புரிந்துகொண்டு துப்பாக்கியையே கையில் எடுத்துக்கொண்டு வரும் பிள்ளை உண்டு. தம்பியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவரும் பிள்ளையும் உண்டு. இன்னொன்று, பொம்மையா நிஜமா என்று தொட்டுப் பார்த்து முடிவுசெய்வது. அட்லாண்டாவில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை வைத்து நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கியைக் கண்டெடுத்த 48 பேரில் 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முன்பே ஏதோ ஒரு பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள்! விரலில் வலு போதாத குழந்தை, குழலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் விசையை அழுத்தும். 'சின்னக் கை, இழுக்க வராது' என்ற கணக்கு எடுபடாது.

ஆகவே முதல் பொறுப்பு வீட்டுக்குத்தான். பிஸ்டலில், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைப்பவர்கள் ஏராளம். சுடத் தயாராகத் தோட்டா அமரும் சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம்; மேல்புறம் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு கேபிள் பூட்டை, வெற்றுத் தோட்டா வெளியேறும் திறப்பு வழியாக நுழைத்து மேகசின் பொருந்தும் குழி வழியாக வெளியே எடுத்துப் பூட்டினால் ஸ்லைடு மூடாது. தோட்டாக்கள் வேறு பெட்டியில், வேறு பூட்டில் இருக்க வேண்டும். அலமாரி உச்சியில் ஒளித்துவைப்பது பூட்டுவதாகாது; பெற்றோர் நினைப்பதைவிட அதிகமாகவே பிள்ளைகளுக்கு இடம் தெரியும்.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் துப்பாக்கியே இருக்காது, ஆனால் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்லும் அதே குறுஞ்செய்தியில், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேட்டுவிடலாம். பெரும்பாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொண்டால், பிள்ளைகள் நம் வீட்டில் விளையாடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாஷ்வில், டென்னசி